பேர் டிரவுட், குலம் கத்தாளை

"இன்னும் மூணு மணி நேரத்துக்கு ஒண்ணும் கடிக்காதுடா. காப்பியைக் குடி."

நண்பன் இப்படிச் சொன்னபோது விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தென்கரையில், பாஃபின் விரிகுடாவில், தட்டையான படகு ஒன்றில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஜனவரி மாதம். காற்றின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ். சென்னைக்காரனுக்கு அது வெப்பநிலையே அல்ல, தண்டனை. கடிக்காது என்று தெரிந்தே எதற்கு நாலரை மணிக்கு எழுப்பினாய் என்று கேட்டேன். "மச்சான், இப்படிக் காத்தே இல்லாத கடலை நீ எப்ப பாத்த?" என்றான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை ஆவி எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. தொலைவில் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. அந்த வட்டம் விரிந்து விரிந்து எங்கள் படகைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

நண்பன் தூத்துக்குடிக்காரன். பத்தாண்டுக்கு மேலாகப் பக்கத்து நகரமான கார்ப்பஸ் கிறிஸ்டியில் வேலை. மற்ற இருவரும் அவனோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள். குளிர்காலத்தில் காற்றடங்கிய சனிக்கிழமை வாய்த்தால் மூவரும் இங்கே வந்துவிடுவார்கள். தேடி வருவது 'ஸ்பெக்கிள்டு டிரவுட்' என்ற மீனை. புள்ளி டிரவுட் என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் கடிக்கும் என்பதை அன்று முழுதும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த அமைதி. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அங்கே படகு இறக்கவே முடியாத காற்று. கனடாப் பக்கம் திரளும் குளிர்காற்று அமெரிக்கச் சமவெளிகளில் தடையே இல்லாமல் தெற்கே இறங்குகிறது. நமக்கு இமயமலை பார்க்கும் காவல் வேலையை அங்கே பார்க்க ஆளில்லை. அவர்களுடைய பெரிய மலைத்தொடர்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. டெக்சாஸ்காரர்கள் இந்தக் காற்றை 'நார்தர்' என்பார்கள். நம் கடற்கரைச் சொல்லில் வாடை. ஆனால் நம் வாடை மழையீரத்தோடு வரும். அவர்களுடைய வாடை வறண்டு வந்து, சில மணி நேரத்துக்குள் வெப்பநிலையை 15, 20 டிகிரி கீழே தள்ளிவிடக் கூடியது.

இந்தக் காற்று தண்ணீரையும் தள்ளுகிறது. பாஃபின் விரிகுடா, லகுனா மாட்ரே என்ற நீண்ட உப்பங்கழியின் ஒரு கை. கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்து மெக்சிகோ எல்லைவரை சுமார் 200 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ ஏறக்குறைய 1 மீட்டர். வெளிக்கடலுக்கும் இதற்கும் நடுவே பாட்ரே தீவு நீளமாக மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. பழவேற்காடு ஏரியையும் அதைக் கடலிலிருந்து மறிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவையும் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. இங்கே அலையேற்றம் இறக்கம் என்பதெல்லாம் பெயருக்குத்தான். நீர்மட்டத்தை முடிவு செய்வது நிலவைவிடக் காற்றுதான். வாடை வீசினால் கரையோரம் வற்றிச் சேறு தெரியும். அங்கே மேய்ந்த மீன்களெல்லாம் நடு ஆழத்துக்கு ஒதுங்கும்.

பிறகு அந்தக் குளிர்காற்றுத் திரளின் மையம், அதாவது உயரழுத்த மண்டலத்தின் நடு, தலைக்கு மேல் வந்து நிற்கும்போது காற்று அடங்கிவிடுகிறது. இங்கிருந்து அங்கே அழுத்த வேறுபாடு இல்லையென்றால் காற்றுக்கு ஓடக் காரணம் இல்லை. மேகமும் இல்லாததால் பூமி தன் சூட்டை இரவெல்லாம் வானத்துக்குத் தாரை வார்க்கிறது. தண்ணீர் மட்டும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது: ஒரே கனஅளவில் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி மாற, காற்றைப் போலச் சுமார் 3,500 மடங்கு வெப்பம் தண்ணீருக்குத் தேவை. அன்று படகின் கருவி நீரின் வெப்பநிலை 11 டிகிரி என்று காட்டியது. 11 டிகிரித் தண்ணீரிலிருந்து எழும் ஈரம் 4 டிகிரிக் காற்றைத் தொட்டதும் துளியாகிவிடுகிறது. நாங்கள் பார்த்த ஆவி அதுதான். கையிலிருந்த காப்பிக்கு மேலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது.

காற்றின் இரைச்சல் இல்லை. கண்ணாடிபோலக் கிடக்கும் நீர்ப்பரப்பு ஒலியைச் சிதறடிப்பதும் இல்லை. எங்கோ தள்ளி நின்ற படகில் ஒருவர் தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன குறை எங்கள் காதுக்குச் சொல் பிசகாமல் வந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன். "நீ தாராளமா பேசு. ஆனா அந்தப் பெட்டி மூடியை மட்டும் டொப்புனு மூடிடாத" என்றான் நண்பன். இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. காற்றில் பிறந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் 99.9 விழுக்காடு திருப்பி அனுப்பப்பட்டுவிடும். நம் பேச்சு மீனுக்குக் கேட்பதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் படகின் தரையில் ஒரு மூடி விழுந்தால் அந்த அதிர்வு படகின் அடித்தோல் வழியாக நேரே நீருக்குள் இறங்கி, நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் பரவும். கேட்பதற்குக் கீழே இருப்பதும் சாதாரணக் காது அல்ல.

இங்கேதான் மீனின் குலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரவுட் என்பது குளிர்நாட்டு ஓடைகளில் வாழும், சால்மனுக்கு நெருங்கிய உறவான மீன். அமெரிக்கக் கரைக்கு வந்து குடியேறியவர்கள் முதுகில் கரும்புள்ளியும் நீள உடம்பும் கொண்ட இந்தக் கடல் மீனைக் கண்டதும், ஊரில் விட்டுவந்த மீனின் பெயரை வைத்துவிட்டார்கள். உறவு ஒன்றும் கிடையாது. இது ஸ்யானிடே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கரையில் கத்தாளை, பன்னா என்று கூடையில் வருகிறதே, அதே குடும்பம். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1830-இல் இதற்கு முதலில் வைத்த அறிவியல் பெயர் ஓட்டோலிதஸ் நெபுலோசஸ். நம் கத்தாளை ஒன்றின் பேரினப் பெயர் ஓட்டோலிதிஸ். இரண்டுக்கும் வேர் ஒன்றே: காதுக்கல். நெபுலோசஸ் என்றால் மூட்டமானது. அந்தக் காலைக்கு வைத்தது போன்ற பெயர். பின்னால் பேரினத்தை சைனோசியன் என்று மாற்றினார்கள். அதில் நாய் இருக்கிறது. மேல்தாடை முனையில் துருத்தும் கோரைப்பல்லைப் பார்த்தால் காரணம் விளங்கும். நண்பனும் பத்தாண்டுக்கு முன் முதல் மீனைத் தூக்கிப் பார்த்ததும், "இது நம்மூரு கத்தாளைல்லா!" என்று கத்தினானாம். கூட இருந்தவர்களுக்கு இன்னும் அந்தச் சொல் நினைவிருக்கிறது. அவர்கள் உச்சரிப்பில் அது 'கட்டாலே'.

இந்தக் குடும்பத்துக்குக் காற்றுப்பைதான் சொத்து. ராமநாதபுரம் பக்கம் கூறல் மீன் சிக்கினால் நாளிதழில் செய்தி வருவது அதன் வயிற்றிலிருக்கும் நெட்டிக்காக. நெட்டி என்பது இந்தக் காற்றுப்பைதான். புள்ளி டிரவுட்டின் ஆண்கள் அதைப் பறையாக்கிக்கொள்கின்றன. பையை ஒட்டிய தசைகள் படபடவென்று சுருங்கி விரிய, பை அதிர்ந்து ஒலிக்கிறது. வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை, பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் கூட்டமாகக் கூடி முழங்கும்; பெண்கள் அங்கே வந்து முட்டையிடும். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி இந்த முழக்கத்தைக் கேட்டே ஆய்வாளர்கள் முட்டையிடும் இடங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். பெண்ணுக்கு அந்தத் தசை கிடையாது. கையில் பிடித்தால் கொறகொறவென்று சத்தமிடுவது ஆண். சத்தமே இல்லாமல், கனமாக, முறைத்துக்கொண்டு வந்தால் பெண். பெண்தான் வேகமாகவும் பெரிதாகவும் வளரும்; ஆள் கையளவு நீளமுள்ள டிரவுட் என்றால் அது அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும்.

ஆனால் ஜனவரியில் முழக்கமும் இல்லை, முட்டையும் இல்லை. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீரின் வெப்பநிலைதான் அதன் உடம்பின் வெப்பநிலை. பத்து டிகிரி குறைந்தால் உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். கோடையில் அன்றாடம் துரத்தித் துரத்தி இறால் தின்ற மீன், இப்போது ஒரே ஒரு மடவையை விழுங்கிவிட்டு அதைச் செரிக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஓடிப் பிடிக்கும் செலவும் கிடைக்கும் வரவும் கட்டுப்படியாக வேண்டும். ஆகவே பெரிய இரை, மெதுவான இரை, மூக்குக்கு நேரே வந்து நிற்கும் இரை.

தூண்டில்காரர்கள் இதைப் புத்தகம் படித்துக் கற்கவில்லை. ஹூஸ்டனில் பால் பிரவுன் என்பவர் கையால் செய்து விற்ற 'கார்க்கி' என்ற மென்மையான போலிமீன் டெக்சாஸ் கரையில் பெரும்பேர் பெற்றது. அதன் சிறப்பே அது ஒன்றும் செய்யாததுதான். மிதக்காது, விறுவிறுவென்று மூழ்கவும் செய்யாது. நீருக்குள் சாகப்போகும் மடவை மாதிரி தொங்கிக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். உள்ளே ஒரு கம்பி. அதை வளைத்து மூக்கை மேலாகவோ கீழாகவோ வைத்துக்கொள்ளலாம். கோலை ஒரு வெட்டு வெட்டி, பத்து எண்ணிக் காத்திருந்து, மறுபடி ஒரு வெட்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. ஐந்துக்குமேல் எண்ணப் பொறுமை இல்லாமல் நான் நரம்பைச் சுருட்டிவிடுவேன். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

பத்து மணிக்குப் படகைக் கரைப்பக்கம் நகர்த்தி, மார்பளவு ரப்பர் உடை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். இப்போது அந்த மூன்று மணி நேரக் கணக்கு எனக்குப் பிடிபடத் தொடங்கியது. காற்றில்லாததால் நீர் தெளிந்திருந்தது. வெயில் ஒரு மீட்டர் தண்ணீரை ஊடுருவி அடியிலிருக்கும் கருஞ்சேற்றில் விழுந்தது. கறுப்பு வெயிலைக் குடிக்கும். சேறு சூடேற, அதன் மேலிருக்கும் ஆழமில்லாத நீரும் ஓரிரு டிகிரி சூடேறுகிறது. முதலில் சிறு மீன்கள் அந்த வெதுவெதுப்பைத் தேடி மேலேறி வரும், பின்னாலேயே மடவை, மடவைக்குப் பின்னால் டிரவுட். வெயிலைத் தேடித் திண்ணைக்கு வரும் பாட்டிகளின் கணக்குத்தான். காலை நேரத்து அமைதி மனிதர்களுக்கு. மீனுக்கான நேரம் உச்சிப்பொழுது.

நான்கு பேரும் முப்பதடி இடைவெளி விட்டு வரிசையாக நடந்தோம். சேறு முழங்கால்வரை வாங்கியது. திடீரென்று இடப்பக்கம் இருந்தவர் மூக்கை உயர்த்தி, "தர்ப்பூசணி" என்றார். எனக்கும் வந்தது: அறுத்த தர்ப்பூசணியின் வாசனை, நட்டநடுக் கழியில். அவர் காட்டிய இடத்தில் தாம்பாளம் அளவுக்கு நீர்ப்பரப்பு எண்ணெய் பூசியதுபோல வழவழத்தது. கீழே டிரவுட் மீன்கள் கொழுத்த இரையைக் கிழித்து, சிலவற்றைக் கக்கவும் செய்யும்போது மேலே வந்து பரவும் எண்ணெய் அது என்பது இந்தக் கரையின் பழைய பாடம். கேட்டால் கதை போலிருக்கும். ஆனால் வேதியியல் இதைக் கைவிடவில்லை. மீனின் கொழுப்பமிலங்களை நொதிகள் துண்டிக்கும்போது ஒன்பது கரிம அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகள் உண்டாகின்றன. புத்தம்புதிய மீனுக்கு இருக்கும் வெள்ளரி வாசனை அவற்றால் வருவதுதான். வெள்ளரிக்கும் தர்ப்பூசணிக்கும் வாசனை தருபவையும் அதே குடும்ப மூலக்கூறுகளே. மூக்கு தப்புக் கணக்குப் போடவில்லை.

அந்த எண்ணெய்த் தடத்துக்கு மேலே வீசியதில்தான் என் மீன் கிடைத்தது. கடித்ததாகவே தெரியவில்லை. நரம்பு சற்றுக் கனத்தது, அவ்வளவுதான். ஈரத்துணி சிக்கியதென்று நினைத்தேன். நண்பன் கோலைப் பிடுங்காத குறையாக, "மெதுவா, மெதுவா! வாய் கிழிஞ்சிடும்" என்றான். இந்த இனத்து மீன்களுக்கு வாய்த் தோல் மெல்லிசு. இதன் நெருங்கிய உறவு ஒன்றுக்கு 'நோஞ்சான் மீன்' என்று பொருள்படும் 'வீக்ஃபிஷ்' என்ற பெயர் அதனால்தான். 18 அங்குலம். சத்தமே போடவில்லை. பெண்.

பெட்டிக்குள் போடும் முன் அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். 2024-இல் கொண்டுவந்த விதிப்படி டெக்சாஸில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புள்ளி டிரவுட்தான் எடுக்கலாம். நீளம் 15 முதல் 20 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட மிகப் பெரிய மீனுக்குத் தனிச் சீட்டு. பக்கத்து லூசியானாவில் நாளைக்கு 25 மீன் என்று தாராளமாக இருந்ததை 2023 நவம்பரில் 15 ஆக்கினார்கள். டெக்சாஸ் கடலில் பிடித்த இந்த மீனை விற்கவே முடியாது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும்: 1981-இலிருந்து தடை. அந்தச் சட்டம் மீனைக் காப்பாற்றியதாகச் சொல்பவர்கள், வலையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் அதற்குக் கொடுத்த விலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனுக்கும் பிழைப்புக்குப் பிடிப்பவனுக்கும் நடுவே சட்டம் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பது எந்தக் கரையிலும் இருக்கும் கேள்வி.

விதி இவ்வளவு இறுகியதற்குப் பின்னால் ஒரு குளிர் இருக்கிறது.

டிரவுட் என்ற பெயரில் உள்ள முரண் இங்கே தெரியும். அசல் டிரவுட் உறைபனிக்குக் கீழே ஓடும் ஓடையிலும் பிழைக்கும். இந்தக் கத்தாளையோ நீர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனாலே தடுமாறும். 4, 5 டிகிரியில் நெடுநேரம் நீடித்தால் செத்து மிதக்கும். நரம்பும் தசையும் மந்தமாகும். உடம்பின் உப்பைச் சமன்செய்யும் செவுள்களின் வேலை தடைப்படும். மீன் நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்துவிடும்.

ஆழத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளக் கூடாதா? நன்னீர் ஏரி என்றால் கூடும். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதற்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கும். மேற்பரப்பு பனிக்கட்டியாக இறுகினாலும் அடியில் 4 டிகிரி நீர் பத்திரமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த பாடம்தான். அந்தப் பாடத்தில் சொல்லாமல் விட்டது, இது உப்புநீருக்குப் பொருந்தாது என்பது. ஆயிரம் பங்கில் உப்பு 24.7 பங்கைத் தாண்டிவிட்டால் இந்தச் சலுகை ரத்து. உறையும் புள்ளிவரை குளிரக் குளிர நீர் கனத்துக்கொண்டே போகும், மூழ்கிக்கொண்டே போகும். கடல்நீரில் உப்பு சுமார் 35 பங்கு. ஆறு எதுவும் சொல்லிக்கொள்ளும்படி வந்து சேராத பாஃபின் விரிகுடாவில் வெயில் காய்ச்சி அதையும் தாண்டுவது சாதாரணம். எனவே மேலே குளிர்ந்த நீர் நேரே அடிக்கு வந்து, ஒளிந்திருக்கும் மீனின் மேல் படுக்கிறது. அடியில் தளம் போட்டுத் தாங்கும் 4 டிகிரி என்று ஒன்று இங்கே கிடையாது.

இருக்கும் ஒரே பாதுகாப்பு, ஆழமான நீர் குளிர அதிக நேரம் ஆகும் என்பதுதான். சின்னக் கணக்கு: வாடை வீசும்போது ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு நொடிக்கு 300 ஜூல் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் ஆழ நீர் ஒரே நாளில் 6 டிகிரிக்குமேல் குளிர்ந்துவிடும். 4 மீட்டர் ஆழ நீர் ஒன்றரை டிகிரிதான் இறங்கும். லகுனா மாட்ரேயின் நீளத்துக்கும் சரக்குப் படகுகளுக்காக ஒரு கால்வாய் தோண்டி 1949-இல் முடித்தார்கள். ஆழம் 12 அடி. பெருங்குளிர் வரும்போது மீன்களுக்கு அதுதான் புகலிடம். வாடை ஒரு நாளில் நின்றால் பிழைத்தன. மூன்று நாள் நீடித்தால் கால்வாயும் கைவிடும்.

2021 பிப்ரவரியில் கைவிட்டது. டெக்சாஸில் பரவலாக மின்சாரம் போய் மக்கள் வீட்டுக்குள் விறைத்த அதே வாரம், கரையோரம் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்ததாக மாநில வனவிலங்குத் துறை கணக்கிட்டது. 61 இனங்கள். அதில் புள்ளி டிரவுட் மட்டும் சுமார் 1,60,000. பெரும்பகுதி இந்த லகுனா மாட்ரேயில். இதற்கு முன்பும் நடந்ததுண்டு: 1983 டிசம்பரில் 1 கோடியே 44 லட்சம் மீன்கள், 1989-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை, பிப்ரவரியில் 1 கோடியே 13 லட்சம், டிசம்பரில் 62 லட்சம். நண்பன் 2021-இன் அந்த வாரத்துக்குப் பிறகு கரைக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இப்போது கடுங்குளிர் வருமென்று வானிலை சொன்னால், மீன்கள் ஒதுங்கும் ஆழமான இடங்களில் தூண்டில் போட மாநிலம் தற்காலிகமாகத் தடை போடுகிறது. நியாயமான தடை. விறைத்துக் குவிந்து கிடப்பதை எடுப்பதற்குப் பெயர் மீன்பிடிப்பு அல்ல, பொறுக்குவது.

மாலை நான்கு மணிக்குத் துறைக்குத் திரும்பினோம். மொத்தம் ஏழு மீன். நாலு பேருக்குப் பன்னிரண்டு எடுக்கலாம். யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. கழுவும் மேடையைச் சுற்றி நாலைந்து கூழைக்கடாக்கள் வரிசையில் நின்றன. ஒரு மீனின் சதையில் நூல்நூலாக வெள்ளைப் புழு. நான் பின்வாங்கினேன். சுறாவின் குடலில் போய் வளர வேண்டிய நாடாப்புழுவின் குட்டிப் பருவமாம். மனிதனை ஒன்றும் செய்யாதாம். நண்பன் அதை உருவி எறிந்துவிட்டுத் துண்டு போட்டான்.

பிறகு என் மீனின் தலையைக் கத்தியால் பிளந்து, மூளைக்குக் கீழேயிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பீங்கான் போல, மொச்சைக் கொட்டை அளவில். குவியே இந்த மீனின் பெயரில் வைத்த காதுக்கல். "எங்க ஆச்சி கத்தாளை ஆயும்போது இதை எடுத்து எங்களுக்கு விளையாடத் தருவா" என்றான். மீன் சமநிலையில் நிற்பதும் ஒலியை உணர்வதும் இந்தக் கல்லால்தான். ஆண்டுதோறும் சுண்ணாம்பு படிந்து வளர்கிறது. குளிர்காலத்தில் வளர்ச்சி தேங்குவதால் மரத்தின் ஆண்டு வளையம் போலக் கோடு விழுகிறது. ஆய்வகத்தில் மெல்லிய தகடாக அறுத்து, நுண்ணோக்கியில் கோடுகளை எண்ணி வயதைச் சொல்வார்கள். 18 அங்குலத்துக்கு இரண்டோ மூன்றோ கோடு இருக்கலாம் என்றான். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றை அவன் வைத்துக்கொண்டான், ஒன்றை எனக்குக் கொடுத்தான். ஹூஸ்டன் விமான நிலையச் சோதனையில் என் சட்டைப்பையிலிருந்து அது தட்டில் விழுந்தது. இது என்ன என்று அதிகாரி கேட்டார். மீனின் காது என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார்.